இருளர் குடியிருப்பிலிருந்து ஓர் ஆலோசகர்

குடிநோய் ஆலோசகராகப் பயிற்சி பெறுபவர் முதலில் கையில் எடுக்கும் தாள்களில் ஒன்று ‘ஆடிட்’. உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வெளியிட்டது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். எட்டும் அதற்கு மேலும் வந்தால் குடி கேடு செய்யத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். குடிக்கிற நாளில் எத்தனை ‘டிரிங்க்’ குடிப்பீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் சுத்த ஆல்கஹால்.

சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஏரிக்கரை இருளர் குடியிருப்பு ஒன்றில் போய் இந்தக் கேள்வியை இப்படியே கேட்டால் பதில் வராது. அங்கே கணக்கு குவார்ட்டரிலும் கட்டிங்கிலும் நடக்கிறது. இரண்டு பேர் காசு போட்டு ஒரு குவார்ட்டர் வாங்கிப் பாதிப் பாதி ஊற்றிக்கொண்டால் அது ஆளுக்கொரு கட்டிங். டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் ஆல்கஹால் அளவு 42.8 சதவீதம். அப்படியானால் 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, அதாவது ஆறு டிரிங்க். கட்டிங் என்பது மூன்று. “ஒரு கட்டிங்தான் மேடம்” என்று ஒருவர் சொன்னதும் தாளில் ‘ஒன்று’ என்று குறித்துக்கொள்ளும் ஆலோசகர் மூன்றில் இரண்டு பங்கைத் தொலைத்துவிடுகிறார். சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்டவருக்குத்தான் கணக்கு தெரியவில்லை.

அதே குடியிருப்பில் பிறந்த பெண் ஒருத்தி கேட்டால் பேச்சு எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்க்கலாம். “மாமா, நேத்து எவ்ளோ?” “கட்டிங்தாம்மா.” “ஒரு வாட்டியா, ரெண்டு வாட்டியா?” “காத்தால கை நடுங்குச்சு, கொஞ்சம் ஊத்திக்கினேன். வேலை வுட்டு வந்து ஒண்ணு.” இந்த நான்கு வரிக்குள் அளவு வந்துவிட்டது. காலையில் கை நடுங்குவதும் வந்துவிட்டது. இவருக்குப் புத்திமதி மட்டும் போதாது, மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்பதற்கு அந்த நடுக்கமே அடையாளம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவரை அந்தக் குடியிருப்புகளிலிருந்தே பயிற்றுவித்து, சம்பளம் கொடுத்து, பின்னால் நின்று தாங்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

இந்த வட்டாரத்தை வெளியார் ஆலைகளின் பெயரால் அறிவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் வந்தது, 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலை வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் திறந்து 2014-இல் மூடியது. சிப்காட் வளாகங்கள் பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால் வரை பரவிவிட்டன. இந்த நிலமெல்லாம் அதற்கு முன் வெறுமையாகக் கிடக்கவில்லை. ஏரி, புஞ்சை, மேய்ச்சல் வெளி, வேலிக்காத்தான் காடு என்று இருந்தது. பட்டா இல்லாத இருளர்களுக்கு அதுதான் சோறு போட்டது. வயல் வரப்பில் எலி பிடித்தார்கள், ஏரியில் இறால் தடவினார்கள், பாம்பு பிடித்தார்கள், பச்சிலை பறித்தார்கள்.

தமிழ்நாட்டில் மிக எளிதில் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் என்று ஒன்றிய அரசு வகைப்படுத்திய ஆறு பிரிவுகளில் இருளரும் அடக்கம். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் அவர்கள் தொகை 1.9 லட்சத்தை ஒட்டி இருந்தது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்தியது. 1978-இல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அதன் உறுப்பினர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அது பெருமைக்குரிய கதைதான். ஆனால் சங்கத்தில் இடம் கிடைத்தவர்கள் ஒரு சிலரே. மற்றவர்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் கரிமூட்டம் போடவும் போனார்கள்.

போனவர்களில் பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். அதற்கு 43 ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழும் படம் அன்று நாடெங்கும் பரவியது. சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் குடும்பத்தோடு உழைத்தவர்கள் அவர்கள்.

குடியைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இதை எதற்குச் சொல்ல வேண்டும்? குடிக்கும் கடனுக்கும் நடுவே உள்ள உறவு தெரியாத ஆலோசகர் இந்தக் குடியிருப்புகளில் பாதி வேலைகூடச் செய்ய முடியாது. வயநாட்டுப் பணியர் பழங்குடிகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வேலைக்கு ஆள் இழுப்பதற்கு முதலாளிகள் சாராயத்தைக் காட்டியதை அந்த மக்களின் வாய்ச்சொல்லாகவே பதிவுசெய்தது. தென்னாப்பிரிக்காவில் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பங்கை மதுவாகவே கொடுத்தார்கள். அந்த முறையைச் சட்டம் தடுத்துப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், தாயின் வயிற்றில் இருக்கும்போதே மதுவால் மூளை பாதித்துப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்றாக அந்தப் பகுதி இருக்கிறது. ‘குடி அவங்க பழக்கம் சார்’ என்று நம்மூர் அலுவலகங்களில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பெரிய கேள்வியை அந்தப் பேச்சு மூடிவிடுகிறது. யார் ஊற்றிக் கொடுத்தார்கள், எந்த வேலையின் வலி மறக்க, எந்தக் கடனின் பேரில் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. டாஸ்மாக் 2023–24-இல் அரசுக்கு ஈட்டித் தந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். குடியைத் தனி மனிதனின் குணக்கேடு என்று மட்டும் கற்றுத்தரும் பயிற்சி உண்மையில் பாதியை மறைக்கும் பயிற்சி.

பயிற்சி தரும் ஆற்றல் தமிழ்நாட்டுக்கு இல்லாமல் இல்லை. இந்தியாவில் இந்தத் துறையின் முன்னோடி நிறுவனங்களில் ஒன்று சென்னையில்தான் இருக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் மருத்துவமனை அடையாறு வட்டாரத்தில் இயங்குகிறது. 1992-இல் பத்மஸ்ரீயும் 1999-இல் ஐ.நா.வின் வியன்னா குடிமைச் சமூக விருதும் அவருக்குக் கிடைத்தன. ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் வட்டாரப் பயிற்சி மையமாகவும் அந்த நிறுவனம் செயல்பட்டு வந்திருக்கிறது. மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்காக 1989-இல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் அது தொடங்கிய 15 நாள் முகாம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஊருக்குள்ளேயே இடம் எடுத்து, குடிப்பவரையும் குடும்பத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் சேர்த்து உட்காரவைத்து, முகாம் முடிந்த பிறகும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஊர் மாறாமல் ஆள் மட்டும் மாறிவிட முடியாது என்று அவர்கள் அப்போதே கண்டுகொண்டிருந்தார்கள்.

பாடத்திட்டமும் தயாராகவே இருக்கிறது. கொழும்புத் திட்ட அமைப்பு உருவாக்கிய பொதுச் சிகிச்சைப் பாடத்திட்டத்தின் அடிப்படை நிலையில் எட்டுப் பகுதிகள். போதைப்பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்பதில் தொடங்கி, பேச்சுத் திறன், மதிப்பீடு, நெருக்கடி நேரம் என்று போய்த் தொழில் அறத்தில் முடிகிறது. நல்ல பாடம் அது. ஆனால் அதைப் படிக்க வகுப்புக்குள் யார் நுழைய முடிகிறது என்று பார்த்தால் சிக்கல் தெரியும். ஒன்றிய அரசு நிதி பெறும் மறுவாழ்வு மையங்களில் ஆலோசகர் பணிக்குப் பட்டம் கேட்கிறார்கள். பிளஸ் டூவைத் தாண்டுவதற்கே ஓர் இருளர் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். அப்பா, தாத்தாவின் சான்று எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கள். உதவித்தொகைக்கும் விடுதிக்கும் சான்றிதழ் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் படிப்பை விட்டிருக்கிறார்கள். அந்தத் தடையைத் தாண்டிப் பட்டம் வாங்கி வந்த ஒருவரை ஆலோசகர் சம்பளத்தில் நிறுத்தி வைப்பதும் எளிதல்ல.

அரசு விதிகளிலேயே ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. ‘பியர் எஜுகேட்டர்’ என்ற பணியிடத்துக்குப் பட்டம் தேவையில்லை. போதையிலிருந்து மீண்டு, எழுதப் படிக்கத் தெரிந்து, பிறருக்கு உதவ முன்வந்தால் போதும். இன்று அது கடைநிலைப் பணி. அதைக் கடைநிலையிலேயே விட்டுவிடாமல் ஆலோசகராக உயரும் முதல் படியாக மாற்ற முடியும்.

கனடாவின் பூர்வகுடிகள் இதைச் செய்து காட்டினார்கள். ஆல்பர்ட்டா மாகாணத்தில் எட்மண்டன் நகருக்கு அருகே 1970-களின் தொடக்கத்தில் பவுண்ட்மேக்கர்ஸ் லாட்ஜ் என்ற சிகிச்சை இல்லமும், 1974-இல் நெச்சி என்ற பயிற்சி நிலையமும் எழுந்தன. இரண்டையும் நடத்தியவர்கள் பூர்வகுடிகள். பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்து அடைத்துவைத்த பழைய உறைவிடப் பள்ளி ஒன்றின் வளாகத்தில்தான் அந்தச் சிகிச்சை இல்லம் அமைந்தது. நெச்சியில் படிக்க வந்தவர்களில் பலர் தாமே குடியிலிருந்து மீண்டவர்கள். பயிற்சி அவர்களுடைய சொந்தக் காயத்திலிருந்து தொடங்கியது. தன் கதையைப் பேசிக் கடக்காதவர் அடுத்தவர் கதையைக் கேட்கும்போது உடைந்துபோவார், அல்லது கடுமையாகிவிடுவார் என்பது அவர்கள் பட்டறிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அல்கலி லேக் என்ற சிற்றூரில் குடியை முதலில் விட்டவர் ஃபிலிஸ் செல்சி என்ற பெண், பிறகு அவர் கணவர் ஆண்டி. அங்கிருந்து தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஊரே பெருமளவு குடியிலிருந்து வெளியே வந்தது. அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிலமும் தங்களுக்கென ஓர் ஊர் நிர்வாகமும் அவர்களிடம் இருந்தன. ஏரிப் புறம்போக்கில் எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று வாழும் இருபது குடும்பங்களிடம் அது இல்லை.

பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நீலகிரி கூடலூரில் 1990-இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு, பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் பெண்களைச் செவிலியர்களாகவும் ஊர் நலப்பணியாளர்களாகவும் வளர்த்தெடுத்தது. அங்கே ஓர் ஆதிவாசி மருத்துவமனையே அவர்கள் கையில் நடக்கிறது. சான்றிதழ் குறைவு திறமைக் குறைவாகாது என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

படிப்பு குறைந்தவர் செய்யும் ஆலோசனை பலன் தருமா என்ற சந்தேகத்துக்குக் கோவாவிலிருந்து பதில் வந்தது. சங்காத் அமைப்பில் அபிஜித் நட்கர்னி, விக்ரம் பட்டேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கேடு செய்யும் அளவு குடிக்கும் ஆண்கள் 377 பேரிடம் சோதனை நடத்தி, முடிவை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். பேசியவர்கள் மனநல நிபுணர்கள் அல்ல, குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். அமர்வுகள் அதிகபட்சம் நான்கு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். பெறாதவர்களில் அது 26 சதவீதம். கடும் அடிமைநிலையை எட்டிவிட்டவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. பயிற்சியின் எல்லை எது என்று இதிலிருந்தே தெரிகிறது. எல்லாரையும் ஓர் ஊர் ஆலோசகர் குணப்படுத்திவிட வேண்டியதில்லை. யாரிடம் தான் பேசலாம், யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிந்தால் போதும்.

அந்தப் பிரித்தறிதலில்தான் உயிர் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். மருத்துவம் இல்லாவிட்டால் இது ஆளையே கொன்றுவிடக்கூடும். ‘இன்னியோட விட்டுடுறேன்னு சத்தியம் பண்ணு’ என்று நல்லெண்ணத்தோடு சொல்வதும் இப்படிப்பட்டவருக்கு ஆபத்துதான். தெருமுனை கிளினிக்கில் ‘குளுக்கோஸ் ஏத்தி’ அனுப்பிவிடுவது இன்னொரு ஆபத்து. பல காலம் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று சுவரெங்கும் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பொட்டலத்தில் டைசல்ஃபிராம் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே மோசமாகலாம். மருத்துவர் சொல்லி, குடிப்பவர் சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது.

இதோடு சாராயச் சாவுகளையும் சேர்க்க வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டப் பெருக்கரணையிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல். இரண்டு முறையும் கொன்றது மெத்தனால். அது ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் பொருள். குடித்த சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல். ‘கண்ணு பொகையா தெரியுது’ என்று ஒருவர் சொன்ன நொடியில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஆனால் கூப்பிட்டால் போலீஸ் வரும் என்ற அச்சம் இருளர் குடியிருப்பில் சும்மா எழுந்ததல்ல. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே தி.மண்டபத்தில் இருளர் பெண்கள் நால்வர் காவலர்கள்மேல் சொன்ன பாலியல் வன்கொடுமைப் புகார் இன்னும் அந்த மக்கள் நினைவில் இருக்கிறது. ஆகவே ஆலோசகரின் பதிவேட்டில் என்ன எழுதலாம், என்ன எழுதவே கூடாது என்பது பயிற்சியில் தனிப் பாடமாக இருக்க வேண்டும். யாரிடம் சாராயம் வாங்கினார் என்பது சிகிச்சைக்குத் தேவையில்லாத தகவல். அது தாளில் ஏறினால், ஆலோசகர் அன்றே உளவாளி ஆகிவிடுவார். பிறகு எந்த வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்காது.

வடமாவட்டங்களில் குடியை விடக் கோயிலில் போய்க் கயிறு கட்டிக்கொள்வது பரவலான வழக்கம். படித்த ஆலோசகர்கள் சிலர் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கயிறு கட்டியவருக்கு ‘வேணாம்ப்பா, கயிறு கட்டியிருக்கேன்’ என்று நண்பர்களிடம் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. ஊரும் அதை மதித்து வற்புறுத்தாமல் விடுகிறது. ஆலோசகர் அந்த நாட்களைப் பயன்படுத்தி உடம்பைத் தேற்றலாம், கூலிப் பணத்தை வீட்டுக்காரியிடம் கொடுக்கும் பழக்கத்தைத் தொடங்கிவைக்கலாம், கயிறு அவிழும் நாளுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசலாம். மாசி மகத்தன்று இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடாரம் போட்டுக் கன்னியம்மனை வணங்குகிறார்கள், அங்கேயே கல்யாணமும் பேசி முடிக்கிறார்கள். கடலோரத்தில் அந்தக் கூட்டத்தின் நடுவே கன்னியம்மன் முன் எடுக்கும் உறுதிக்கு எந்தக் கருத்தரங்கும் ஈடாகாது. பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

ஊர்க்காரரையே ஆலோசகராக்குவதில் சிரமங்களும் உண்டு. ரகசியம் காப்பது கடினம், எல்லாரும் சொந்தக்காரர்கள். நள்ளிரவில் அடி வாங்கிய பெண் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாள். அவர் தம்பியே குடிப்பவனாக இருக்கலாம். அவரே மீண்டும் குடித்துவிடவும் கூடும். அப்படி நடந்தால் வேலையைப் பறிப்பதா, சிகிச்சைக்கு விடுப்புக் கொடுப்பதா என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். விடுப்பு கொடுப்பதே சரி என்பது என் கருத்து, ஏனென்றால் குடிநோய் திரும்பத் திரும்ப வரும் நோய் என்றுதான் அவருக்குக் கற்றுக்கொடுக்கிறோம். இந்தச் சுமைகளுக்கு ஒரே மருந்து மேற்பார்வை. வாரம் ஒரு முறை அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவர் அவரோடு உட்கார்ந்து அந்த வாரத்துப் பேச்சுகளை அலசவேண்டும். கோவாச் சோதனையிலும் ஆலோசகர்களின் வேலையைத் தொடர்ந்து கேட்டுத் திருத்தினார்கள். நம் திட்டங்களில் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கி, மேற்பார்வைக்கு ஒதுக்காமல் விட்டுவிடுகிறோம்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் பதில் கண்முன்னே நிற்கிறது. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அந்தப் பிரிவு சொல்கிறது. அரசுப் பக்கம் 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம்-ஜன்மன் திட்டத்தில் இருளர் உள்ளிட்ட அந்த ஆறு பழங்குடிகளின் குடியிருப்புகளுக்கு நடமாடும் மருத்துவ வண்டி உண்டு. அந்த வண்டியில் மருத்துவரும் செவிலியரும் வருவார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இன்னோர் இருக்கை போட முடியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை மகளிர் குழுப் பெண்கள் வழியாக வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குடியை நிறுத்தியவருக்கு மருத்துவர் எழுதிய மாத்திரையும் அதே வழியில் போகலாம்.

காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து முதல் அணியில் இருபது பேரை எடுத்தால்கூடப் போதும். பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். எட்டாவது படித்திருந்தாலும் சேர்க்கலாம். முதல் ஆறு மாதம் சம்பளத்தோடு பயிற்சி, வாரத்தில் பாதி நாள் மருத்துவமனை வார்டில், பாதி நாள் குடியிருப்பில். கொத்தடிமைச் சட்டமும் முன்பணக் கணக்கும் பாடத்தில் இருக்கட்டும், சான்றிதழ் மனு எழுதவும் கற்றுக்கொடுக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்து, பட்டம் இல்லாமலே அவர்களை ‘ஆலோசகர்’ என்ற பெயரிலும் அந்தச் சம்பளத்திலும் அமர்த்தும்படி விதியைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தைச் சமூக நீதி அமைச்சகம்தான் செய்ய முடியும். அதைக் கேட்டு எழுத வேண்டியது மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை.